பூட்டானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டுத் தென்காசிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் இரண்டு வருடமாக வேலை. பூட்டானில் ஆங்கில ஆசிரியர்களுக்கு நிறைய இடம் இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முதலில் டெஃபல் (TEFL) என்ற 120 மணி நேர ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும், எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்கிறார். கட்டலாமா என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில் ‘நம்மை மாதிரி ஆட்களை ஆங்கில டீச்சராக அங்கே மதிப்பார்களா’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. கட்டாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

2003இலிருந்து 2014 வரை கிழக்கு பூட்டானில், தாஷிகாங் மாவட்டத்தில் இரண்டு பள்ளிகளில் ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆங்கிலம் எடுத்தேன். வகுப்பறையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது. தலைநகர் திம்புவிலும் பாரோ பக்கத்திலும் உள்ள தனியார் பள்ளிகளைப் பற்றிச் சொல்வது கூட வேலை பார்த்தவர்கள் சொல்லித் தெரிந்தது. சம்பளம், அனுமதி, விண்ணப்ப முறை போன்றவை அடிக்கடி மாறும். அவற்றை என் பேச்சை நம்பி முடிவு செய்யாமல் அந்த நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. பூட்டானில் ஆங்கிலம் அந்நிய மொழிப் பாடம் இல்லை, பள்ளிக்கூடத்தின் மொழியே அதுதான். 1960களின் தொடக்கத்தில், மூன்றாவது மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் காலத்தில், நாடு முழுக்கப் பள்ளிகள் திறந்தபோது, அதுவரை இந்தியில் நடந்துகொண்டிருந்த பாடங்களை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து கணக்கு, அறிவியல், புவியியல் எல்லாமே ஆங்கிலத்தில்தான். தேசிய மொழியான ஜோங்காவும் அதையொட்டிய சில பாடங்களும் மட்டும் ஜோங்காவில். கிழக்கில் தொடங்கிய பள்ளிகளைப் பற்றிப் பேசினால் அருட்தந்தை வில்லியம் மேக்கியின் பெயர் வராமல் இருக்காது. கனடாக்காரர், இயேசு சபைத் துறவி. டார்ஜிலிங்கில் இருந்தவர், 1963இல் பூட்டான் போனார். காங்லுங்கில் இருக்கும் ஷெருப்சே கல்லூரி பள்ளியாக இருந்த காலத்தில் அதை வளர்த்தவர். 1995இல் பூட்டானிலேயே இறந்தார். அவரிடம் படித்தவர்கள்தான் பிறகு அமைச்சர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆனார்கள். அவர் ஒருவரால் அத்தனை பள்ளியும் நடக்குமா? இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கேரளத்திலிருந்து, ஆசிரியர்கள் வண்டி வண்டியாகப் போனார்கள். சாலை இல்லாத ஊருக்குக் கோவேறு கழுதை மேல் டிரங்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டு இரண்டு மூன்று நாள் நடந்து போய்ச் சேர்ந்தவர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். பல ஆண்டுகள் அங்குள்ள பிள்ளைகள் டெல்லி ஐசிஎஸ்இ வாரியத் தேர்வைத்தான் எழுதினார்கள். நான் போன சமயத்தில் அது பூட்டானின் சொந்தத் தேர்வாக மாறிக்கொண்டிருந்தது.

இப்போது டெஃபல் சான்றிதழுக்கு வருவோம். ஆங்கிலத்தை அந்நிய மொழியாகப் படிப்பவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அது. வியட்நாம், தாய்லாந்து மாதிரி நாடுகளில் மாலை நேர மொழி வகுப்புகளில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பூட்டான் பள்ளிக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது. அங்கே பிள்ளை ஐந்தாறு வயதில், பிபி (ப்ரீ-பிரைமரி) என்று சொல்லும் தொடக்க வகுப்பிலேயே ஆங்கில எழுத்தைத் தொட்டுவிடும். அவர்கள் பார்ப்பது பாடத்தில் முதுகலை, பி.எட்., எத்தனை வருடம் வகுப்பு எடுத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். இது மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் இடம் நிறைய இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னாரே, அதுதான் பாதி உண்மை. ஆசிரியர் தட்டுப்பாடு நிஜம். 2019இல் அரசு ஊழியர்களிலேயே ஆசிரியர்களுக்குத்தான் அதிகச் சம்பளம் என்கிற அளவுக்கு உயர்த்தினார்கள். அப்படியும் கொரோனாவுக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் அவர்கள் வெளியிலிருந்து தேடுவது ஆங்கில ஆசிரியரையா? 2024இல் இந்திய அரசு நிறுவனமான எட்சில் மூலம் பூட்டானுக்கு ஆசிரியர்களை எடுத்தபோது கேட்ட பாடங்கள் கணினி அறிவியல், இயற்பியல், வேதியியல், கணிதம். ஆங்கிலம் அதில் இல்லை. காரணம் எளிது. பாரோவிலும் சாம்சேயிலும் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன, ஆங்கில ஆசிரியர்களை அவர்களே உருவாக்கிக்கொள்கிறார்கள். ஆகவே அரசுப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு நமக்கு இருக்கும் கதவு குறுகல். தனியார் மேல்நிலைப் பள்ளிகள் அவ்வப்போது எடுக்கும். அதற்கு ஏஜென்ட் தேவையில்லை, அவர்களே விளம்பரம் கொடுப்பார்கள். நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். வேலை அனுமதியை எடுத்துத் தரவேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு, உங்கள் பொறுப்பு இல்லை. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அட்டையையோ காட்டி நுழைவு அனுமதி வாங்கினால் போதும். ஆனால் அந்த அனுமதியில் போய் வேலை பார்க்கக் கூடாது. ‘முதலில் டூரிஸ்டாகப் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணியாக இருந்தால் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணமும் உண்டு, 2022இலிருந்து.

இன்னொன்று, அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். என்னோடு இருந்த ஒரு கேரளத்து ஆசிரியை பிறகு ஒரு தனியார் பள்ளிக்கு மாறினார். ‘பத்திரமாக இருக்கும்’ என்று சொல்லி அவருடைய பட்டச் சான்றிதழ்களை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. கேட்டால் சான்றிதழ் பெட்டிச் சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்பார்களாம். கடைசியில் சான்றிதழ் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை.

சரி, வகுப்பறைக்குள் போவோம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

போன புதிதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டு முழுக்கச் சிவப்பு மை போட்டேன். நேற்று நடந்ததை எழுதச் சொன்னால் ‘ஐ வாக் டு த ரிவர்’, ‘மை மதர் ஆஸ்க் மீ’ என்று எழுதுவார்கள். இறந்த காலமே தெரியவில்லையே என்று இரண்டு மாதம் காலங்களைப் பற்றியே பாடம் நடத்தினேன். அட்டவணை போட்டேன், ஒப்பிக்க வைத்தேன். ஒப்பித்தார்கள். அப்புறமும் அதே தப்பு. ஒரு நாள் டிக்டேஷன் கொடுத்தேன். ‘லாஸ்ட் நைட் த கெஸ்ட் ஸ்லெப்ட் ஹியர்’ என்று நான் சொன்னதை ஒரு பையன் வாய்க்குள் முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டிருந்தான். குனிந்து கேட்டேன். ‘லாஸ் நைட் த கெஸ் ஸ்லெப் ஹியர்.’ நோட்டிலும் அப்படியேதான் இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வீட்டில் பேசுவது ஷார்சோப், அதாவது சாங்லா. அதிலும் சரி, ஜோங்காவிலும் சரி, சொல்லின் கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து வராது. ‘ஆஸ்க்ட்’ என்றால் கடைசி எழுத்தை நாக்கு விட்டுவிடும். நாக்கு விட்டதைக் கையும் விட்டுவிடும். இலக்கணம் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது, வாய்தான் வரவில்லை. இரண்டு மாதம் தப்பான நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

நம் பாடும் அதேதான். தமிழிலும் சொல்லின் கடைசியில் அப்படி வராது. நாம் விழுங்குவதற்குப் பதிலாக ஒரு உகரத்தை ஒட்டிவிடுவோம். அதே டிக்டேஷனில் ‘டெஸ்க்’ என்ற சொல்லுக்கு முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி கடைசியில் ‘யு’ சேர்த்து எழுதியிருந்தாள். இது ஏன் என்று கேட்டேன். ‘மேடம் ஸெட் டெஸ்க்கு, லா’ என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவர்கள் விழுங்கும் எழுத்தை நான் பிடிப்பது, நான் ஒட்டும் உகரத்தை அவர்கள் பிடிப்பது என்று ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். வாரக் கடைசியில் கணக்குப் பார்ப்போம். பெரும்பாலும் நான்தான் தோற்பேன். அந்த வருடம் முடிவதற்குள் ‘ஆஸ்க்ட்’ பாதிப் பேர் வாயில் ஓரளவு வந்துவிட்டது. எல்லாருக்கும் வந்தது என்று சொன்னால் பொய்.

அந்த ‘லா’வைச் சொல்ல வேண்டும். நம் ‘ங்க’ மாதிரி ஒரு மரியாதை ஒட்டு அது. வணக்கத்துக்கு ‘குசுசாங்போ லா’, நன்றிக்கு ‘காதின்சே லா’. ஆங்கிலத்திலும் அதை விட மாட்டார்கள். ‘யெஸ் லா’, ‘ஐ டிட் நாட் டூ ஹோம்வொர்க் லா’. கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு ஆசிரியர் இதைத் தப்பு என்று திருத்திக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் அவரிடம் பேசுவதையே குறைத்துவிட்டார்கள். ‘லா’ இல்லாமல் பெரியவர்களிடம் பேசுவது அவர்களுக்கு வாத்தியாரைப் பார்த்து ‘வா, போ’ என்பது மாதிரி. எழுதும்போது மட்டும் வேண்டாம், பேசும்போது இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ‘சார்’ போதாமல் ‘சொல்லுங்க சார்’ என்று சேர்க்கிற ஊரில் பிறந்தது போதுமாக இருந்தது.

பேச வைப்பதுதான் பெரும்பாடு. பெரியவர்கள் முன்னால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவது அங்கே மரியாதை. ‘ஸ்பீக் அப்’ என்று அதட்டினால் இன்னும் குனிவார்கள். வீட்டில் பாட்டி சொன்ன கதையை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னபோதுதான் வழி கிடைத்தது. நம் ‘ஒரே ஒரு ஊரிலே’ மாதிரி அவர்களுக்கு ‘தங்பு திங்பு’. அந்த இரண்டு சொல்லையும் முழு வகுப்பும் கத்தித் தொடங்கும், பிறகு ஒருவர் கதை சொல்வார். மிகோய் என்கிற பனி மனிதன் கதை வந்தால் கை தானாகவே வாயை விட்டு இறங்கிவிடும். அதை நடித்துக் காட்ட இரண்டு கையும் வேண்டுமே.

பாடப் புத்தகத்தில் கடலைப் பற்றி ஒரு கவிதை இருந்தது. நான் தூத்துக்குடிக்காரி, ஒரு முழு பீரியடும் அலை, உப்பு, மீன் வாடை என்று அளந்து விட்டேன். எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். கடைசியில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: ‘மேடம், அந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் இந்தக் கரைக்குக் கேட்குமா லா?’ அவன் பார்த்ததில் பெரிய தண்ணீர் தாஷிகாங்குக்குக் கீழே ஓடும் ட்ராங்மே ஆறு. கவிதையின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவனுக்குப் பொருள் தெரியும், தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினான். அங்கே நீங்கள் செய்யப்போகும் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கும். வீட்டில் சாங்லா, பள்ளியில் தேசிய மொழி ஜோங்கா, அதற்கு மேல் ஆங்கிலம். பல கிழக்குப் பிள்ளைகளுக்கு இது மூன்றாவது மொழி. தெற்கில் வீட்டு மொழி நேபாளியாக இருக்கும். ஆனாலும் இந்த மொழிகளிலெல்லாம் தமிழைப் போல வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ‘நான் நேற்று சந்தைக்குப் போனேன்’ என்ற வரிசை அவர்களுக்கும் அதே வரிசை. ஆர்ட்டிகிள் என்ற தொல்லை நமக்கும் இயல்பாக வராது, அவர்களுக்கும் வராது. ஒரு வாக்கியம் எங்கே கோணுகிறது, ஏன் கோணுகிறது என்று நமக்குச் சட்டென்று தெரியும். ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

ஆக, மதிப்பார்களா என்றால், என் அனுபவத்தில் நம்மூரில் கிடைத்ததை விடக் கூடுதலாகவே மதித்தார்கள். இந்திய ஆசிரியர் அங்கே புதுமை இல்லை. மாவட்ட அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்குப் போனால், அங்கிருக்கும் பெரிய அதிகாரி தன்னுடைய மலையாளி கணக்கு வாத்தியாரைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. தலைநகரப் பக்கம் வசதியான பெற்றோர் சிலருக்கு வெள்ளைக்கார உச்சரிப்பு மேல் மோகம் இருக்கிறது என்று அங்கு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். யூட்யூப் பார்த்து வளர்ந்த இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் நம் உகரத்தைப் பார்த்து என்னோடு சிரித்த மாதிரிச் சிரிப்பார்களா, வேறு மாதிரிச் சிரிப்பார்களா என்பது நீங்கள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம். எல்லாரும் பனிக்குத்தான் பயப்படுவார்கள். தாஷிகாங் ஊர் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம்தான், வெயில் காலத்தில் வியர்க்கும். காங்லுங் ஏறக்குறைய 1,900, நம் கொடைக்கானலை விடக் கொஞ்சம் தாழ்வு. குளிர் உறைக்கும் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை பள்ளியே விடுமுறை, ஊருக்கு வந்துவிடலாம். பயப்பட வேண்டியது சாலைக்கு. அசாம் எல்லையில் சாம்துருப் ஜோங்கரிலிருந்து தாஷிகாங் 180 கிலோமீட்டர்தான், ஆனால் காலையில் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் இறங்குவீர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் நாள் கணக்கில் வண்டி நிற்கும். வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் எலுமிச்சம்பழம் இல்லாமல் ஏற வேண்டாம். உடுப்பில், ஆண்களுக்கு கோ, பெண்களுக்கு கிரா என்ற தேசிய உடை அவர்கள் குடிமக்களுக்குத்தான் கட்டாயம். நான் ஒரு வருடம் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்தேன். பிறகு கிராவுக்கு மாறிவிட்டேன், காலில் காற்றுப் புகாது. விடுதிப் பள்ளியாக இருந்தால் மாலைப் படிப்பு, விடுதிக் கண்காணிப்பு, சனிக்கிழமைத் தோட்ட வேலை எல்லாவற்றிலும் ஆசிரியர் நிற்க வேண்டும். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள்.

பணம் பற்றி ஒரு விஷயம் மட்டும். அவர்களுடைய நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு, நம் நோட்டு அங்கே கடையில் செல்லும். ஆனால் அதை வைத்துச் சம்பளத்தை ஊருக்கு அனுப்புவது எப்போதும் சுலபம் என்று நினைக்க வேண்டாம். 2012இல் அங்கே இந்திய ரூபாய்க்கே தட்டுப்பாடு வந்து வங்கியில் வரிசையில் நின்றிருக்கிறேன். ஆகவே வேலைக் கடிதம் கையில் வந்தால் சம்பளம் எவ்வளவு என்பதோடு மாதம் எவ்வளவு ரூபாயாக அனுப்ப முடியும், குடியிருப்பு தருவார்களா, ஒப்பந்தம் எத்தனை வருடம், நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு நீங்கள் சைவமா அசைவமா என்று எழுதவில்லை. எதுவானாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள். எமா தட்ஷி என்று பச்சை மிளகாயைக் காய்கறி மாதிரி பாலாடைக் கட்டியில் வேகவைத்துக் கொடுப்பார்கள், கிழக்கில் மக்காச்சோள ரவை கலந்த சோறு. வெற்றிலை பாக்கு போடாத ஆளே இல்லை, தோமா என்பார்கள். பாக்கு ஊறல் பாக்கு, வாடை தூக்கும், முதல் தடவை தலை சுற்றும். மிளகாய் எடுத்துப் போக வேண்டாம். புளி எடுத்துப் போங்கள், இரண்டு கிலோவாவது. நான் இருந்த ஊரில் கிடைக்கவில்லை, ரசத்துக்குத் தக்காளியை வைத்தே பதினோரு வருடம் ஓட்டினேன்.